கோச் இல்லாமல் ஓடத் தொடங்குபவர்களுக்கு: டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் தெருமுனைப் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் ஓடுவது என் வழக்கம். போன ஆகஸ்டில் ஒரு நாள், பதினேழு வயதுப் பையன் ஒருவன் மூச்சு இரைக்கப் பக்கத்தில் வந்து நின்றான். "அங்கிள், எண்ணூறு மீட்டர் ஒண்ணு அம்பத்தெட்டுல ஓடுறேன். கோச் யாருமில்ல. நானே பாத்துக்கலாமா?"

நல்ல பயிற்சியாளர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. அவர்களைப் பார்க்கக் கிங்ஸ் பார்க் விளையாட்டரங்கம் பக்கம் போக வேண்டும். பள்ளி விட்டதும் இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறிப் போய், ஓடி முடித்துத் திரும்பினால் இருட்டிவிடும், வீட்டில் விடமாட்டார்கள். டாக்ஸிக் காசு தனி. ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் இருக்கிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அவனுக்குச் சொன்னதையும், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் சான்றிதழ் வாங்கிய பயிற்சியாளன் இல்லை. இருபது வருஷம் 800, 1500 மீட்டர் ஓடியவன், அதில் முக்கால்வாசி தனியாக.

பதில் இதுதான்: பார்த்துக்கொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு. ஓடுகிறவரும் கோச்சும் ஒரே ஆள் என்றாலும் இருவரும் ஒரே நேரத்தில் மைதானத்தில் நிற்கக் கூடாது. திட்டம் போடுகிற வேலை ஞாயிற்றுக்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில், டீயோடு முடிந்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை ட்ராக்கில் இறங்கும்போது நீங்கள் வெறும் ஓட்டக்காரர். எழுதியதைச் செய்யலாம், முடியாவிட்டால் குறைக்கலாம், கூட்டுவதற்கு மட்டும் உங்களுக்கு அதிகாரம் கிடையாது.

எந்தப் போட்டி?

800 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் தாராளமாகத் தனியாகத் தொடங்கலாம். கடிகாரமும் மூச்சும் பாதி கோச் வேலையைப் பார்த்துக்கொள்ளும். 100, 200, 400 என்றால் பாதிதான் முடியும்: ஓட்ட அளவையும் ஓய்வையும் நீங்களே கணக்குப் போடலாம், உடம்பு எப்படி அசைகிறது என்பதை வேறொருவர் பார்க்க வேண்டும். தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு, வட்டு ஆகியவற்றில் முதல் சில மாதமாவது தெரிந்தவர் ஒருவரிடம் அடிப்படையைக் கற்றுக்கொண்டு பிறகு தனியாகப் போங்கள். கோலூன்றித் தாண்டுதலும் சங்கிலிக் குண்டும் தனியாக வேண்டவே வேண்டாம். கழுத்து முறியும், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் தலை போகும். பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எந்தப் போட்டியானாலும் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரையோ ஒரு கிளப்பையோ ஒட்டிக்கொள்வதே நல்லது.

இந்த இடத்தில் யாராவது கென்யாவின் ஜூலியஸ் யெகோவை இழுப்பார்கள். யூடியூப் பார்த்து ஈட்டி எறியக் கற்றவர், 2015இல் பெய்ஜிங்கில் 92.72 மீட்டர் எறிந்து உலக சாம்பியன் ஆனவர். உண்மைதான். ஆனால் அந்த எறிக்கு முன்பே அவர் உதவித்தொகையில் பின்லாந்தின் குவோர்தானே மையத்துக்குப் போய் அங்குள்ள பயிற்சியாளரிடம் வேலை செய்தார். இந்தப் பாதிக் கதையைச் சொல்ல எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தனியாகத் தொடங்கியவர், வாய்ப்பு வந்தபோது ஒரு ஜோடிக் கண்ணைத் தேடிப் போனார்.

தனியாக வேலை செய்வதற்கு என் மனதுக்குப் பிடித்த ஆள் எட்வின் மோசஸ். அட்லாண்டாவில் அவர் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியில் சொந்த ட்ராக்கே இல்லை. இயற்பியல் மாணவர். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் இரண்டு தடைகளுக்கு நடுவே 35 மீட்டர். அதைக் கடைசிவரை 13 காலடியில் கடப்பது என்று கணக்கு வைத்து ஓடி, 1976 மான்ட்ரியலில் 47.63 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். காலடி எண்ணுவதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். தன்னால் எண்ண முடிகிறதை எண்ணிக்கொண்டே இருப்பதுதான் தனி ஆளின் பலம்.

மைதானத்தை அளந்துவிடுங்கள்

இதை முதல் நாளே செய்ய வேண்டும். யாரும் செய்வதில்லை. பள்ளிப் புல் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர் 400 மீட்டர் என்று சொல்லியிருப்பார். இடம் பற்றாமல் வளைவைக் குறுக்கியிருப்பார். 50 மீட்டர் டேப் ஒன்றைக் கேட்டு வாங்கி, உள்கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றி அளந்து பாருங்கள். நானும் பையனும் அளந்தோம். ஒரு சுற்று 376 மீட்டர். அவன் "எண்ணூறு" என்று ஓடியது 752 மீட்டர்தான். அதே வேகத்தில் உண்மையான 800 மீட்டருக்கு 2 நிமிடம் 5 விநாடிக்கு மேல் ஆகும். முகம் செத்துவிட்டது. இருந்தாலும் அந்த 2:05 இல்லாமல் அடுத்த கணக்கு எதுவும் போட முடியாது.

சரியான ட்ராக் கிடைத்தாலும் முதல் லேன்தான் 400. எட்டாவது லேனில் ஒரு சுற்று 453 மீட்டர் வரும். இன்னொன்று, கைக்கடிகாரம் நம்மைப் புகழும். கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தை மின் கடிகார நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். நீங்களே அழுத்தி நீங்களே ஓடினால் இன்னும் கூடுதலாக ஏமாறுவீர்கள்.

நோட்டு

ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்குப் பத்து ராண்டுக்குக் கிடைக்கிற பள்ளி நோட்டுதான் சரிப்பட்டது, பின்னால் புரட்டிப் பார்க்கலாம். தினமும் எழுத வேண்டியது நான்கே விஷயம்: காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே பார்த்த நாடித்துடிப்பு, எத்தனை மணி தூக்கம், என்ன ஓடினீர்கள், எவ்வளவு கஷ்டமாக இருந்தது. கஷ்டத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மார்க் போடுங்கள். ஓடி முடித்த உடனே போடாமல் அரைமணி கழித்துப் போடுங்கள். உடனே போட்டால் கடைசி ஓட்டத்தின் மூச்சிரைப்புதான் மார்க் போடும்.

அந்த மார்க்கைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 40 நிமிடம், கஷ்டம் 6 என்றால் 240. வாரம் முழுக்கக் கூட்டினால் ஒரு எண் வரும். விளையாட்டு அறிவியல்காரர்களும் இதே கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள், செலவே இல்லாதது. போன வாரம் 900 என்றால் இந்த வாரம் 1,000 பரவாயில்லை. 1,400 என்றால் ஞாயிற்றுக்கிழமை கோச் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். வாரத்துக்குப் பத்து சதவீதம் என்று சொல்வது ஒரு கைக்கணக்கு, வேதவாக்கு இல்லை.

கோயில் நாட்களையும் நோட்டில் ஏற்றுங்கள். தைப்பூசம் ஜனவரி பிப்ரவரியில், சரியாக ட்ராக் சீசன் நடுவில் வரும். விரதம் இருந்து, வெறுங்காலோடு காவடி எடுத்து வெயிலில் நடப்பது உடம்புக்கு ஒரு பெரிய பயிற்சி. அது கணக்கில் வராமல், மறுநாள் "நேற்று ஓடவில்லையே" என்று 300 மீட்டர் அடித்துக் கெண்டைச் சதையைக் கிழித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஞாயிறு மாலை

800 மீட்டருக்குப் புதிதாக வருபவருக்கு வாரத்தில் கஷ்டமான நாள் மூன்றுக்கு மேல் வேண்டாம். பையனுக்குப் போட்டுக் கொடுத்தது இது. திங்கள் ஓய்வு. செவ்வாய், 200 மீட்டர் எட்டு முறை, 1500 மீட்டர் வேகத்தில், ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம் நடை. 1500 மீட்டரை 4:30இல் ஓடுகிறவருக்கு ஒரு சுற்று 72 விநாடி, ஆக 200 மீட்டருக்கு 36. முதல் இரண்டை 33இல் அடித்துவிட்டு மீதியை 39இல் முடித்தால் அன்றைய பாடம் தோல்வி. எட்டும் 36இல் வரவேண்டும். புதன், முழுவதும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய 30 நிமிடம். வியாழன், மேடு: பத்துப் பன்னிரண்டு விநாடி மேலே, நடந்து கீழே, எட்டு முறை. சாட்ஸ்வொர்த்தில் மேட்டுக்குப் பஞ்சமா? இத்தனை மேட்டை வெட்டித்தான் 1960களில் நிறவெறி அரசு இந்தியர்களான நம்மைக் கொண்டுவந்து குடிவைத்தது; அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஓட்டக்காரனுக்கு லாபம். வெள்ளி ஓய்வு. சனி காலை எட்டு மணிக்கு பார்க்ரன் என்ற பொது ஓட்டம், 5 கிலோமீட்டர், இலவசம். மாதத்தில் ஒரு முறை மட்டும் முழு வேகம், மற்ற வாரங்களில் பல்லைக் கடிக்காமல். ஞாயிறு 45 நிமிடம் மெதுவாக. நான்காவது வாரம் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள்.

குறுந்தூர ஓட்டக்காரர்கள் ஓய்வில்தான் தப்பு செய்கிறார்கள். 30 மீட்டர் முழு வேகத்தில் ஓடினால் மூன்று நிமிடமாவது நிற்க வேண்டும், 60 மீட்டருக்கு ஆறு. பத்து மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக நிற்கும்போது ஆறு நிமிடம் யுகமாகத் தெரியும், வெட்கமாகக்கூட இருக்கும். நின்றே ஆக வேண்டும். வியர்த்துக் கொட்டினால்தான் பயிற்சி என்று நினைக்கிறவர் வேக ஓட்டத்தை நெடுந்தூர ஓட்டமாக மாற்றிவிடுவார்.

இதற்கிடையில் ஊர்ப் பெரியவர்கள் அறிவுரை சொல்வார்கள். டர்பனில் ஓட்டம் என்றாலே காம்ரேட்ஸ்தான். 1921இலிருந்து நடப்பது, டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரக் கெடு. அதை முடித்து மெடல் வாங்கிய ஒரு மாமா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. "காலுக்கு மைலேஜ் வேணும்டா" என்பார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காம்ரேட்ஸுக்கே குறைந்தபட்ச வயது 20. 800 மீட்டர் ஓடுகிற பிள்ளைக்கு அந்த மைலேஜ் தேவையில்லை.

கடைசிப் பக்கம்

நோட்டின் முதல் பக்கத்தில் இலக்கு எழுத எல்லோருக்கும் ஆசை. அதைவிட முக்கியமானது கடைசிப் பக்கம். எப்போது ஓடக்கூடாது என்பதை, உடம்பு நன்றாக இருக்கிற ஒரு நாளில், நிதானமாக உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். பக்கத்தில் கோச் இருந்தால் "போதும், காலணியைக் கழற்று" என்பார். தனியாக ஓடுகிறவருக்கு அதைச் சொல்ல அந்தக் காகிதம்தான் உண்டு.

எனக்கு அது இல்லாமல் போனதால் ஒரு சீசன் போனது. ஒரு சனிக்கிழமை பார்க்ரனில், என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னைக் கடந்து போனார். கோபம் வந்து, செவ்வாய்க்கிழமை பாடத்தை ஞாயிறே ஓடினேன், செவ்வாயும் ஓடினேன். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பில், ஒரு விரல்நுனி அளவுக்கு வலி. "சூடேறினால் போய்விடுகிறது" என்று மூன்று வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலும்பில் விரிசல். இரண்டு மாதம் நீச்சல் குளத்தில் மிதந்தேன். வேறு யாராவது அதே வலியோடு என்னிடம் வந்திருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

என் கடைசிப் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது. எலும்பில் ஒரே புள்ளியில் வலி, அந்தக் காலில் மட்டும் குதித்தால் குத்துகிறது என்றால் ஓட்டமே கிடையாது, பிசியோவிடம் போ. நாடித்துடிப்பு இரண்டு நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட எட்டு கூடியிருந்தால் நடை மட்டும். ஒரு பாடத்தில் இரண்டு ஓட்டம் அடுத்தடுத்துக் குறித்த நேரத்தைவிட மூன்று விநாடி தாண்டினால் பாடம் அங்கேயே முடிந்தது. காய்ச்சல் இருந்தால் கேள்வியே இல்லை. வலியால் நடை மாறுகிறதா, உடனே நிறுத்து. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். எண்ணாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம், ஏனென்றால் "ரொம்பக் களைப்பாக இருந்தால்" என்று எழுதினால் அன்றைக்குப் பார்த்து களைப்பே இருக்காது.

ஒரு மைலை முதன்முதலில் நான்கு நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பானிஸ்டரின் கதை இந்த இடத்தில் பொருந்தும். மருத்துவ மாணவர், மதிய உணவு இடைவேளையில் ஓடிப் பழகியவர், நெடுங்காலம் தனக்குத்தானே கோச். 1954 வசந்தத்தில் பத்து முறை 440 கஜம் (கால் மைல்), நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு என்று ஓடிக்கொண்டிருந்தார். 61 விநாடிக்குக் கீழே வரவே இல்லை. ஓட்டத்தை விட்டுவிட்டு நண்பர் பிராஷரோடு ஸ்காட்லாந்துக்குப் பாறை ஏறப் போனார். திரும்பி வந்து சில நாளில் 59. மே 6ஆம் தேதி ஒரு மைலை 3:59.4இல் முடித்தார். கையில் தெம்பு இருக்கும்போதே கடிகாரத்தை விட்டு விலகிப் போக அவருக்கு முடிந்தது. என்னால் முடிந்ததில்லை. அதே பானிஸ்டருக்கும் பந்தய நாளில் ஒரு குரல் தேவைப்பட்டது. காற்று பலமாக அடிக்கிறதே என்று தயங்கியவருக்கு, ஆக்ஸ்போர்டு போகும் ரயிலில் ஃப்ரான்ஸ் ஸ்டாம்ப்ஃபல் என்ற பயிற்சியாளர்தான் தைரியம் சொன்னார்.

கண் கடன் வாங்குவது

போனை இடுப்பு உயரத்தில், ஓடும் பாதைக்குச் செங்குத்தாக, பத்து மீட்டர் தள்ளி வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு தம்பி பின்னாலேயே ஓடி எடுத்த வீடியோவால் பயனில்லை. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி: பாதம் தரையைத் தொடும்போது இடுப்புக்குக் கீழே இறங்குகிறதா, முன்னால் போய் இறங்குகிறதா? அடுத்த வாரம் வேறு கேள்வி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே போனைப் பார்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் கோச் மறுபடி மைதானத்துக்குள் வந்துவிட்டார்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை நோட்டையும் வீடியோவையும் ஒரு பயிற்சியாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதற்கு மட்டும் அந்த இரண்டு டாக்ஸி மாறுவது தகும். நோட்டோடு வருகிற பிள்ளையை விரட்டும் கோச்சை நான் பார்த்ததில்லை. ஏன் இது தேவை என்றால், நம் நாட்டு வேய்ட் வான் நீகெர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 200 மீட்டர்காரர், தொடைப் பின்தசை அடிக்கடி பிடித்துக்கொள்ளும். புளூம்ஃபொன்டெய்னில் ஆன்ஸ் போத்தா என்ற பாட்டிதான் அவரை 400 மீட்டருக்கு மாற்றினார். 2016 ரியோவில், எட்டாவது லேனிலிருந்து 43.03 விநாடி, உலக சாதனை. பாட்டிக்கு அப்போது 74 வயது. நேசிக்கிற போட்டியை விட்டுவிடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள எத்தனை பேருக்கு வரும்? இரண்டு சீசன் நேரம் நகராமல் நின்றால், கேள்வி உங்கள் திட்டத்தைப் பற்றியதாக இல்லாமல் போட்டியையே பற்றியதாக இருக்கலாம்.

ஊருக்கே உரிய சில விஷயங்கள்

பள்ளிப் போட்டிகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, தேசியப் போட்டிகள் ஏப்ரல் வாக்கில். எனவே ஆகஸ்ட், செப்டம்பரில் மெதுவான ஓட்டத்தோடு ஆரம்பித்தால்தான் சரிவரும். டிசம்பர் விடுமுறையில் ஆரம்பிப்பவர் எப்போதும் லேட். கோடையில் டர்பன் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராது, உடம்பு குளிராது. கடிகாரத்தை மறந்துவிட்டு கஷ்ட மார்க்கை வைத்து ஓடுங்கள். விடியற்காலை சுகம்தான், ஆனால் இருட்டில் தனியாக ஓடாதீர்கள். கடற்கரை நடைபாதையில் கூட்டம் இருக்கும்போது ஓடுங்கள், இல்லாவிட்டால் இருவராக.

ஜோஹன்னஸ்பர்க்குப் போட்டிக்குப் போனால் அங்கே 1,750 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, 100 மீட்டர் நேரம் நன்றாக வரும். 1500 ஓடினால் மூன்றாவது சுற்றில் நெஞ்சு எரியும். இரண்டையும் கடலோர நேரத்தோடு ஒப்பிட்டுக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

புரட்டாசி மாதம் வீட்டில் மரக்கறிதான். அதுவும் செப்டம்பர், அக்டோபரில், ஓட்ட அளவு கூடுகிற நேரத்தில் வரும். பருப்பும் ரொட்டியும் மட்டும் போதாது. சுகர் பீன்ஸ் கறி, சோயா, கடலை, தயிர் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது புரதம் இருக்கட்டும். பெண்கள் வருஷத்துக்கு ஒரு முறை இரும்புச் சத்துப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஜிம்மில் யாரோ தருகிற பவுடரைத் தொடாதீர்கள்: ஊக்கமருந்துச் சோதனையில், உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு. கோச் இருந்தாலும் அப்படித்தான்.

டாக்கிஸில், அதாவது ஓடுகிற காலணியில், கஞ்சத்தனம் வேண்டாம், ஆணி வைத்த ஸ்பைக்ஸுக்கு அவசரம் வேண்டாம். ஒரு கிளப்பில் சேர்ந்து லைசென்ஸ் எண் வாங்கிக்கொள்ளுங்கள். கிளப்பில் சேர்ந்தால் கோச் கட்டாயம் என்றில்லை, ஆனால் பந்தயங்களில் பெயர் கொடுக்க வழி பிறக்கும், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஓட நாலு பேர் கிடைப்பார்கள்.

பையன் மூன்று வாரம் கழித்து நோட்டோடு வந்தான். 1:58 என்று எழுதியதை அடித்துவிட்டு "2:05, டேப்" என்று எழுதியிருந்தான். மூன்றாவது வாரம் வியாழக்கிழமைக்கு நேராக: "மேடு ஓடல. கால் எலும்பு ஒரே எடத்துல வலி. சனிக்கிழமை பார்க்ரன் பாத்துக்கலாம்."

"சனிக்கிழமையும் வேணாம்" என்றேன்.

"ஏன் அங்கிள்? இப்ப வலி கம்மிதான்."

நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை அவன் முன்னால் வைத்தேன். அவன் கையெழுத்துதான். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிசியோவுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டான்.